கிராடோ ஹெட்போன்: கேபிளை மாற்றலாம், கப்பில் கை வைக்கலாமா?

நியூயார்க் புரூக்ளினில் சன்செட் பார்க் என்ற பகுதி. அங்கே 7ஆவது அவென்யூவில் ஒரு காலத்தில் குடும்பத்தின் பழக்கடையாக இருந்த கட்டடத்தில் வளர்ந்த நிறுவனம்தான் கிராடோ லேப்ஸ். ஜோசப் கிராடோ 1953இல் ஆரம்பித்தார். அவருடைய கைத்தொழில் கடிகாரம் செய்வது. ஓபராவும் பாடுவார். முதல் பொருள் ஹெட்போன் இல்லை, ரெக்கார்டு பிளேயர் ஊசிக்கான கார்ட்ரிட்ஜ். சிடி வந்து கார்ட்ரிட்ஜ் வியாபாரம் படுத்த சமயத்தில், 1990இல், சகோதரர் மகன் ஜான் கிராடோ நிறுவனத்தை வாங்கிக்கொண்டார். எச்பி வரிசை ஹெட்போன்களை ஜோசப் அதற்குள் வடிவமைத்திருந்தார். ஜான் அதையே எளிமையாக்கி, 69 டாலருக்கு எஸ்ஆர்60 என்று கொண்டுவந்தார். குடும்பத்தை நிமிர்த்தியது அந்த மாடல்தான்.

அன்றைய எஸ்ஆர்60ஐயும் இன்றைய எஸ்ஆர்60எக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போலிருக்கும். வட்டமான கறுப்பு பிளாஸ்டிக் கப், பின்னால் வலை, மேலே பட்டையான ஹெட்பேண்ட், இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் உலோகக் கம்பி, காதுக்குக் கறுப்பு நுரை. உள்ளே இருந்து சத்தம் எழுப்பும் டிரைவர் மட்டும் தலைமுறை தலைமுறையாக மாறியது. ஐ வரிசை, 2014இல் இ வரிசை, 2021இல் எக்ஸ் வரிசை. எக்ஸில் 44 மி.மீ. டிரைவர், பலமான காந்தம், எடை குறைந்த வாய்ஸ் காயில் (டிரைவர் சவ்வை அசைக்கும் கம்பிச் சுருள்), துணி பின்னிய கேபிள்.

இதையெல்லாம் இனிமேலாவது நவீனப்படுத்த வேண்டாமா என்ற கேள்வி ஒவ்வொரு வரிசை வரும்போதும் எழுகிறது. ஒரு தரப்பு புளூடூத், வெளி இரைச்சலை அடக்கும் சத்தநீக்கம், மடிக்கும் வசதி எல்லாம் வேண்டும் என்கிறது. இன்னொரு தரப்பு ஒரு திருகைக்கூடத் தொடாதே என்கிறது. இரண்டு பேரும் "டிசைன்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால் வாதம் நகருவதே இல்லை. மூட்டையை அவிழ்த்தால் மூன்று வேறு சரக்கு இருக்கிறது: சத்தத்தை உண்டாக்கும் பாகங்கள், அடிக்கடி உடையும் பாகங்கள், பார்த்ததும் கிராடோ என்று அடையாளம் சொல்லும் பாகங்கள். இவை ஒன்றோடொன்று எங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பார்த்தால்தான் எதை மாற்றுவது என்று முடிவெடுக்க முடியும்.

உடைவது எது

கிராடோவில் டிரைவர் சாவது அபூர்வம். சாவது கேபிள்தான், அதுவும் கப்புக்குள் நுழையும் இடத்தில்.

காரணம் கேபிளின் தரத்தில் இல்லை. கப்பைப் பிடித்திருக்கும் வளையம் கம்பியில் செருகப்பட்டிருக்கிறது. கம்பி அதன் பிளாஸ்டிக் கட்டைக்குள் முழுச் சுற்றும் சுற்றும், 360 டிகிரி, தடுப்பே கிடையாது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைக்கும்போதெல்லாம் கப் கொஞ்சம் திரும்புகிறது. நாம் கையால் நேராக்குகிறோம், ஆனால் பெரும்பாலும் வந்த வழியே திருப்புவதில்லை. கேபிள் ஒய் எழுத்துப்போல இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேலே இருக்கும் இரண்டு கால்களும் கயிறு போல முறுக்கிக்கொள்கின்றன. அந்த முறுக்கு முழுவதும் போய்ச் சேருவது கப்பின் அடியில் இருக்கும் குட்டி ரப்பர் குழாயில். வளைவு அங்கேதான் மிகக் குறுகல். செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, ஒரு பக்கம் சத்தம் வந்து வந்து போகும்.

கண்டுபிடிப்பது சுலபம். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, பிளக்கின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே அளந்தால் இடது பக்கம், நடு வளையத்துக்கும் அடிப்பகுதிக்கும் இடையே அளந்தால் வலது பக்கம். பழைய மாடல்களில் 32 ஓமை ஒட்டியும், எக்ஸ் வரிசையில் 38 ஓமை ஒட்டியும் காட்ட வேண்டும். கப்புக்குக் கீழே கேபிளை மெல்ல வளைக்கும்போது எண் குதித்தால் அறுப்பு அங்கேதான். எண் அசையாமல் நின்றும் கரகரப்பு வந்தால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். நுரையைக் கழற்றிப் பாருங்கள். டிரைவர் சவ்வின் மேல் ஒரு தலைமுடி கிடக்கும். கப்பின் பின்பக்கம் மூடாமல் வலை மட்டும் இருக்கும் திறந்த வடிவமைப்பில் இது சகஜம்.

பழுதுபார்க்கும் விதத்தில்தான் பழைய வடிவமைப்பின் உண்மையான குறை தெரியும். கப் இரண்டு துண்டாகப் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. திறக்க ஹேர் டிரையரால் ஒட்டு வரியைச் சுற்றி இரண்டு மூன்று நிமிடம் சூடேற்றி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் நெம்ப வேண்டும். அவசரப்பட்டால் விளிம்பு பிளக்கும். மரக் கப்பில் இதைச் செய்யவே கூடாது, மேல்பூச்சு வெளுத்துவிடும். உள்ளே போனதும் எந்த வயர் எந்தப் புள்ளி என்று படம் எடுத்துவிட்டு, அறுந்த இடத்துக்குக் கீழே 3–4 செ.மீ. தள்ளி வெட்டி, புதிதாக உரித்து, 330 டிகிரி செல்சியஸ் அளவில் ஒரு புள்ளிக்கு 2 வினாடிக்குமேல் வைக்காமல் சால்டர் செய்ய வேண்டும். அதற்குமேல் போனால் புள்ளியைத் தாங்கும் பிளாஸ்டிக் இளகி, முடியளவு மெல்லிய காயில் வயர் விட்டுப்போகும். அதோடு டிரைவர் கதை முடிந்தது. கப்புக்குள் ஒரு முடிச்சு போட்டால்தான் இழுப்பு சால்டருக்குப் போகாது. ஒரு பக்கம் மட்டும் இரண்டு வயரையும் இடம் மாற்றி ஒட்டிவிட்டால் பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றிப் பரவும், பேஸ் (தாழ்ந்த சுரங்கள்) பலம் இழந்ததுபோல் கேட்கும். இந்த அறிகுறி தெரியாமல் டிரைவரையே மாற்றியவர்கள் உண்டு.

99 டாலர் பொருளுக்கு இவ்வளவு வேலை. ஹெட்போன் உலகில் கேபிளைக் கழற்றி மாட்டும் வழக்கம் புதிதும் இல்லை. 1968இல் வந்த சென்ஹைசர் எச்டி 414லேயே கேபிள் தனியாகக் கழன்றது. 1997இல் வந்த எச்டி 600 இன்றும் விற்பனையில் இருக்கிறது. கேபிள், மெத்தை, ஹெட்பேண்ட் நுரை என்று துண்டு துண்டாக மாற்ற முடிகிறது என்பது அதற்கு ஒரு பெரிய காரணம். "பழைமை மாறாதது" என்று அதையும்தான் சொல்கிறார்கள், ஆனால் பிரிக்க முடிகிற பழைமை.

சத்தத்தோடு ஒட்டியிருப்பது எது

நுரை மெத்தையைத்தான் எல்லோரும் முதலில் மாற்றச் சொல்கிறார்கள். காது உறுத்துகிறது, அரிக்கிறது, ஒரு மணி நேரத்துக்குமேல் போட முடியவில்லை. புகார் நியாயமானது. ஆனால் மெத்தை இங்கே வெறும் மெத்தை இல்லை.

திறந்த நுரை வழியாகக் காற்று கசிகிறது. அதனால் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் தானாகவே சரிகிறது. டிரைவரின் பின்னால் இருக்கும் காற்றுத்துளைகள், அவற்றின் மேல் ஒட்டிய மெல்லிய தடுப்புத்தாள் எல்லாம் இந்தக் கசிவைக் கணக்கில் எடுத்தே அமைக்கப்பட்டவை. மெத்துமெத்தென்ற செயற்கைத்தோல் பேடைப் போட்டால் கசிவு அடைபட்டு, நடு பேஸ் வீங்கி, கிராடோவின் அந்தத் துடிப்பான கிட்டார் சத்தம் போர்வைக்குள் போய்விடும். சந்தையில் கிடைக்கும் தோல் பேடைப் போட்டுவிட்டு "கிராடோ இவ்வளவுதானா" என்று கேட்பவர்கள் கேட்டது கிராடோவே இல்லை.

நுரையிலேயே எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு நிறுவனத்தின் சொந்த பேடுகளே சாட்சி. எஸ் வகை காதின் மேல் தட்டையாக உட்காரும். டிரைவர் காதுக்கு மிக அருகில் இருப்பதால் பேஸ் கொஞ்சம் கூடுதல், உச்சம், அதாவது மேல் சுரங்கள், அடக்கம். எல் வகை நடுவில் குழிந்த வளையம். தூரம் கூடுகிறது, உச்சம் கூர்மையாகிறது, பேஸ் மெலிகிறது. விலை உயர்ந்த ஜிஎஸ் வரிசையில் வரும் ஜி வகை காதை முழுதாகச் சூழும் பெரிய வளையம். சத்தம் விரிந்து கேட்கும், குரல் ஓரடி பின்னே போகும். ஒரே டிரைவர், மூன்று முகம். எல் பேடின் வெளி விளிம்பைச் சுற்றி ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினாலே பேஸ் கூடி உச்சம் தணிவது கேட்கும். கசிவு எவ்வளவு முக்கியம் என்று நம்பாதவர்கள் அதைச் செய்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம்.

எனவே பேட் விஷயத்தில் நவீனம் என்றால் பொருளை மாற்றுவது இல்லை. அதே காற்றோட்டமுள்ள நுரையிலேயே மென்மையான ஒரு ரகம், கூடவே தயாரித்த மாதம் ஆண்டு முத்திரை. நுரை போட்டாலும் வைத்தாலும் கிழடாகும். கடையில் இரண்டு வருடம் தூங்கிய பேடைப் புதிது என்று விற்பதில்தான் பாதிப் புகார் பிறக்கிறது. கருவியே இல்லாமல் விரலால் இழுத்துக் கழற்றி மாட்டும் இப்போதைய முறை அருமை, அதைத் தொடவே வேண்டாம்.

கப்பும் அப்படித்தான். மரமா அலுமினியமா பிளாஸ்டிக்கா என்பதைவிட, கப் எவ்வளவு ஆழம், வலைக்கும் டிரைவருக்கும் நடுவே எவ்வளவு காற்று என்பதுதான் சத்தத்தை அதிகம் மாற்றும். மரத்துக்குக் கொடுக்கப்படும் புகழில் பாதி ஆழத்துக்குச் சேர வேண்டியது என்பது எங்கள் கருத்து. மரத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. விலை உயர்ந்த மாடல்கள் சிலவற்றில் வரும் கோகோபோலோ மரம், டால்பெர்ஜியா இனம். அரிய உயிரினங்களுக்கான சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. முடித்த பொருளாக ஒரு சரக்கில் அந்த மரம் 10 கிலோவுக்குள் இருந்தால் விலக்கு, தாண்டினால் அனுமதிப் பத்திரம். வாடிக்கையாளருக்கு ஒன்று அனுப்புவதில் தொந்தரவில்லை, மொத்த விற்பனையாளருக்குப் பெட்டி பெட்டியாக அனுப்பும்போது யாராவது தராசில் கணக்குப் பார்க்க வேண்டும். ஹெம்ப் எனும் சணல் வகையும் மேப்பிள் மரமும் சேர்ந்த ஆர்எஸ்2எக்ஸ் மாடல் இந்தக் கோணத்தில் கெட்டிக்காரத்தனமான மாற்றம்.

புளூடூத் பக்கம்

கிராடோ இதைச் செய்யாமலில்லை. 2018இல் ஜிடபிள்யூ100, திறந்த முதுகோடு புளூடூத். 2020இல் ஜிடி220, காதுக்குள் செருகும் வயர்லெஸ். முதலாவது ஒரு கிராடோ. வலை, நுரை, டிரைவர் எல்லாம் அப்படியே, சத்தம் வெளியே கசிவதை மட்டும் உள்ளமைப்பில் குறைத்திருக்கிறார்கள். இரண்டாவது வேறு விளையாட்டு. செருகு வகையில் சத்தத்தைப் பெருமளவு தீர்மானிப்பது சிப்புக்குள் இருக்கும் மென்பொருள் சமன்பாடு. புரூக்ளினில் 0.1 டெசிபலுக்குள் இடது வலது டிரைவர்களை ஜோடி சேர்க்கும் கைத்திறமைக்கு அங்கே வேலையே குறைவு.

சத்தநீக்கம் கேட்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அந்தத் தொழில்நுட்பம் நன்றாக வேலை செய்யக் காது அடைபட்டிருப்பது நல்லது. திறந்த முதுகு என்பது இரண்டு பக்கமும் வழிவிடும் சன்னல். சத்தநீக்கம் வேண்டுமென்றால் மூடிய கப், தோல் பேட், மைக், சிப், போன் செயலி, சான்றிதழ், ஒவ்வொரு வருடமும் மென்பொருள் புதுப்பிப்பு. அந்தப் பந்தயத்தில் மூலதனம் கரைகிறது. சென்ஹைசர் குடும்பம் தன் நுகர்வோர் பிரிவை சோனோவாவுக்கு விற்பதாக 2021இல் அறிவித்தது. நூறாண்டு கண்ட பேயர்டைனமிக்கைச் சீனாவின் கோசோனிக் வாங்கும் ஒப்பந்தம் 2025இல் வந்தது. இரண்டுக்கும் புளூடூத் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்கே இந்தச் சந்தையில் கை வலித்தது என்றால், ஒரு பழக்கடைக் கட்டடத்தில் வளர்ந்த நிறுவனம் அதே ஓட்டத்தில் குதிப்பது சரியான கணக்கில்லை.

வயர் உள்ள கிராடோவுக்குச் சாதகமான ஒரு எண்ணும் இருக்கிறது. எஸ்ஆர்60எக்ஸுக்கு அடுத்த படியான எஸ்ஆர்80எக்ஸ் 38 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 99.8 டெசிபல். 110 டெசிபல் உச்சம் வேண்டுமானால் ஏறத்தாழ 10.5 மில்லிவாட், அதாவது 0.63 வோல்ட். போனில் செருகும் சிறு மாற்றியான, 1 வோல்ட் தரும் சாதாரண யுஎஸ்பி-சி டாங்கிளே தாராளம். தனி ஆம்ப் (ஒலிபெருக்கிக் கருவி) தேவையில்லை. போனில் ஹெட்போன் ஓட்டை போனதற்கு மருந்து டாங்கிளும் அதற்கேற்ற குட்டை கேபிளும். அந்தக் குட்டை கேபிளை மாட்ட முடியாமல் இருப்பதுதான் பிரச்சினை, மறுபடியும் பேச்சு கேபிளுக்கே வந்து நிற்கிறது.

எங்கே தொடங்கினார்கள், எங்கே தொடங்கியிருக்கலாம்

2024 இறுதியில் வந்த சிக்னேச்சர் எச்பி100 எஸ்இ இந்தக் கேள்விக்கு நிறுவனமே கொடுத்த பதில். 52 மி.மீ. டிரைவர், இரண்டு பக்கமும் மினி எக்ஸ்எல்ஆர் எனும் பூட்டிக்கொள்ளும் வகை ஜாக், கழற்றக்கூடிய கேபிள், தடித்த ஹெட்பேண்ட், கப் முழுச் சுற்று சுற்றாதபடி தடுப்பு. பல வருடம் கேட்டது எல்லாம் ஒரே மாடலில் வந்துவிட்டது. விலை 2,495 டாலர். அடுத்து வந்த எஸ்750உம் ஆயிரம் டாலருக்கு மேல்.

முறை தலைகீழ் என்று நினைக்கிறோம். இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர் ஹெட்போன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கப்படுகிறது, தாங்கியில் தொங்குகிறது. பையில் திணிக்கப்படுவதும், கேபிளைப் பிடித்து இழுக்கப்படுவதும் எஸ்ஆர்60எக்ஸும் 80எக்ஸும்தான். கேபிள் அதிகம் அறுவது எங்கேயோ, மாற்ற வழி இல்லாததும் அங்கேயே.

இதற்கு நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை ஒதுக்கக் கூடாது. நேரடியாக சால்டர் செய்தால் ஹெட்போன் பக்கம் மொத்தம் 4 சால்டர் புள்ளிகள். ஹெட்பேண்டுக்குள் வயர் ஓட்ட இடமில்லாததால் இருபக்கமும் ஜாக் வேண்டும். டிரைவரில் 4, ஜாக்கில் 4, கேபிள் பிளக்கில் 4, ஆக 12. கையால் செய்யும் கடையில் வேலை மூன்று மடங்கு. மலிவு ஜாக் போட்டால் அதுவே தளர்ந்து புதிய பழுதாகும். 99 டாலரில் விற்பனையாளர் பங்கும் போக இதற்கு இடம் எங்கே?

ஆகவே எல்லா மாடலுக்கும் ஒரே மருந்து கொடுக்க வேண்டியதில்லை. கீழ் மாடல்களுக்கு ஜாக்கே வேண்டாம், சுழற்சித் தடுப்பு போதும். கம்பி நுழையும் பிளாஸ்டிக் கட்டையில் ஒரு சிறு மேடு, கம்பியில் ஒரு சிறு முனை, இரண்டு பக்கமும் சுமார் 100 டிகிரியோடு நிற்கும்படி. மாறுவது ஒரே ஒரு அச்சு. சத்தத்தில் துளியும் வித்தியாசம் வராது, தோற்றத்திலும் தெரியாது. கம்பி கட்டையிலிருந்து வழுகி இறங்கும் பழைய புகாருக்கும் அதே முனையை வைத்து உராய்வு கூட்டிவிடலாம். கூடவே ரப்பர் குழாயை இப்போதிருப்பதைவிட நீளமாக, நுனியை நோக்கி மெலிந்து செல்லும்படி வார்த்தால் வளைவு ஒரே புள்ளியில் குவியாது. இது சிக்னேச்சருக்கு முன்பே எஸ்ஆர் வரிசையில் வந்திருக்க வேண்டிய மாற்றம்.

கப்பைப் பசைக்குப் பதில் திருகால் மூடுவது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கே ஜாக்கிரதை. அந்தப் பசை டிரைவருக்கு முன்னும் பின்னும் இருக்கும் காற்றைப் பிரிக்கும் அடைப்பாகவும் வேலை செய்கிறது. திருகு போட்டால் அரை மில்லிமீட்டர் ரப்பர் வளையமாவது நடுவே வேண்டும், இல்லையேல் பேஸ் கசியும், சில சுரங்களில் கப் ரீங்கரிக்கும். 10 ஜோடி பசையிலும் 10 ஜோடி திருகிலும் செய்து, அதே பேடோடு, ஒவ்வொன்றையும் அளவுத்தலையில் (மைக் பொருத்திய செயற்கைத் தலை) 5 முறை எடுத்து மாட்டி, சராசரியை ஒப்பிட வேண்டும். 50 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை வித்தியாசம் 1 டெசிபலைத் தாண்டினால் அந்த யோசனையை மூட்டை கட்டிவிடலாம். ஒரே முறை மாட்டி அளந்தால் காதில் அது உட்காரும் வாகே அதைவிட அதிகம் மாறும், முடிவு பொய்யாகிவிடும்.

அலுமினியக் கப் போட்ட எஸ்ஆர்325எக்ஸ் முதல் மரக் கப் போட்ட ஆர்எஸ் வரிசை வரை, அதாவது 295 டாலரிலிருந்து, கழற்றும் கேபிள் கொடுப்பதைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை. எந்த ஜாக் என்பதில் தயக்கம் வரலாம். 2.5 மி.மீ. இடம் குறைவாக எடுக்கும், ஆனால் மெல்லிய பிளக் பக்கவாட்டு அடியில் ஒடியும், ஒடிந்த நுனி ஜாக்குக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். 3.5 மி.மீ. எங்கும் கிடைக்கும், சுமார் 6 மி.மீ. துளை போதும். ஆம்ப் ஓடும்போது செருகினால் கணநேர ஷார்ட் என்பது மட்டும் குறை. மினி எக்ஸ்எல்ஆர் பூட்டிக்கொள்ளும், ஷார்ட் ஆகாது, ஆனால் பெரிய துளை, கூடுதல் எடை, வெடுக்கென்று இழுத்தால் கழலாமல் ஹெட்போனையே கீழே தள்ளும். மர மாடலுக்கு மினி எக்ஸ்எல்ஆர், உலோக மாடலுக்கு 3.5 என்று பிரிப்பது எங்கள் தேர்வு. ஒரே வகை வைத்தால் உதிரிக் கேபிள் கையிருப்பு எளிது என்று விற்பனைப் பிரிவு சொல்லும். அதிலும் நியாயம் உண்டு.

முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே மாற்றியதற்கு பேயர்டைனமிக்கே உதாரணம். நூற்றாண்டை ஒட்டி 2024இல் வந்த டிடி 770 புரோ எக்ஸ், பார்க்க அதே சாம்பல் வெல்வெட் பேட் போட்ட பழைய 770. டிரைவர் புதிது, கேபிள் மினி எக்ஸ்எல்ஆரில் கழல்கிறது. ரசிகர்கள் யாரும் கொடி பிடிக்கவில்லை. கோஸ் நிறுவனமும் 1984இன் போர்ட்டா புரோ ஹெட்போனின் தோற்றத்தைத் தொடாமல் மைக் வைத்த கேபிளும் வயர்லெஸ் வடிவமும் கொடுத்தது.

ஏற்கெனவே கிராடோ வைத்திருப்பவர்களுக்குக் கட்டணத்துக்கு ஜாக் பொருத்தித் தரும் சேவை ஒன்றைத் திறந்தால் வருமானமும் வரும், பெயரும் வரும். ஆனால் எதை ஏற்பது என்று முதலிலேயே வரையறுக்க வேண்டும். பிளாஸ்டிக், அலுமினியக் கப் என்றால் தயங்காமல் வாங்கலாம். மரக் கப்பில் கேபிள் வரும் துளையைப் பெரிதாக்கும்போது இழையோட்டத்தின் திசையில் விரிசல் ஓடும் அபாயம் உண்டு, அதனால் அந்த வேலை புரூக்ளினிலேயே, கப்பை உள்ளிருந்து தாங்கும் அச்சில் வைத்துத்தான். இடையில் ஒரு டிரைவர் போனால் ஒன்றை மட்டும் மாற்றித் தருவது கூடாது, ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஐ வரிசைக்கு எக்ஸ் டிரைவர் போட்டுத் தரச் சொல்லி நிச்சயம் கேட்பார்கள். அதை மறுத்துவிடுவதே நல்லது. பழைய கப்பின் ஆழமும் பேடும் அந்த டிரைவருக்காக அளக்கப்பட்டவை இல்லை.